ஓரகத்திகள் ராசியான கதை

என் மனைவியும் அண்ணியும் ஜோடியாகப் பாடுகிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. ஓரகத்திகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதே அதிசயம், ஒரே மேடையில் எப்படி என்பார்கள். சண்டை போட்டுத்தான். சமையலறையில் ஒருவர் பாத்திரத்தை நங்கென்று வைத்தால் மற்றவர் அதற்கு ஒரு வரி போடுவார், பதில் வரி வரும், உலை கொதிப்பதற்குள் ஒரு பாட்டு தேறிவிடும். அண்ணி கிட்டாரை எடுப்பார், என் மனைவி ஆர்மோனியப் பெட்டியை இழுப்பாள். நான் ஸ்பீக்கர் தூக்குகிறவன், மேடைக்கு எதிரே உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவன்.

எந்தக் கம்பெனியும் எங்களைச் சீண்டவில்லை. நாங்களே பதிவு செய்து இணையத்தில் ஏற்றினோம். புத்தகக் கடை மாடி, காப்பிக் கடை மூலை என்று தொடங்கி, ‘ஓரகத்திகள்’ என்றால் அரங்கு நிறையும் காலமும் வந்தது.

யார் கண் பட்டதோ, அண்ணிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் என் மனைவிதான் கூட இருந்தாள். ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள். வீடு திரும்பியபோது இருவரும் நகமும் சதையும். அண்ணன் பூரித்துப்போனார். எனக்குத்தான் கவலை பிடித்தது.

“இந்த வரி எப்படி இருக்குக்கா?”

“நீ எழுதினா நல்லாத்தான் இருக்கும்மா.”

இப்படியே போனால் பாட்டு எங்கிருந்து வரும்? வந்ததெல்லாம் உப்பில்லாத கஞ்சி. அடுத்த கச்சேரியில் முதல் வரிசையிலேயே ஒருவர் கொட்டாவி விட்டார். புதுத் தொகுப்பும் எடுபடவில்லை என்றால் கடையைக் கட்டிவிடுவது என்று பேசி முடித்தோம். அண்ணி வங்கிக்கு, இவள் தையல் கூடத்துக்கு, நான் பழையபடி பம்பு ரிப்பேருக்கு. பேச்சு முடிந்ததும் யாரும் சாப்பிடவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போகவேண்டிய நாள் காலையில் நான் நாரதர் வேலையில் இறங்கினேன். மனைவியிடம், “அண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? உன் குரலுக்குத் துருப்பிடிச்ச கதவு தேவலையாம்” என்றேன். அண்ணியிடம், “நீங்க கிட்டார் வாசிக்கிறது தகரம் தட்டுற மாதிரி இருக்குன்னு அவ சொல்றா” என்றேன். இருவர் முகமும் மாறியது. என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

ஸ்டுடியோவில் கண்ணாடி அறைக்குள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

“அக்கா என்னைத் திட்டினா அடிக்கு அடி எதுகை வந்து உக்காரும்” என்றாள் மனைவி. “நீங்க சொன்னதுல ஒண்ணுமே உக்காரலையே. சொந்தச் சரக்கா?”

“இவ திட்டு தாளம் தப்பாது தம்பி” என்றார் அண்ணி. “உங்களுது நொண்டுது.”

பத்து வருஷம் அவர்கள் திட்டிக்கொண்டதை நான்தான் பதிவு செய்தேன். ஆனாலும் ஒரு திட்டைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

“போய் ரெக்கார்டிங்கை ஆரம்பிங்க” என்றார் அண்ணி. கிட்டாரை எடுத்து என்னைப் பார்த்தபடியே பாடினார்:

*கோள்சொல்லிக் கோட்டைகட்ட வந்தாராம் – கூரை*
*மேலஏறி ஏணியையும் தொலைச்சாராம்!*

மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள்:

*ஏணிஎங்கே ஏணிஎங்கே என்றாராம் – அதை*
*எரிச்சுத்தான் உலைவச்சேன் போங்கன்னேன்!*

அண்ணி சட்டென்று வாசிப்பை நிறுத்தினார். “ஏணியை எரிக்கிறது நான் பாட நெனச்ச வரி.”

“உங்க பேரு எழுதி ஒட்டியிருக்கா?”

“என் கொழுந்தனை நான் திட்டாம யாரு திட்டுறது?”

“கட்டிக்கிட்டது நான். உரிமை எனக்குத்தான்.”

“சுருதியை இறக்கிட்டு உரிமை பேசுறியா?”

“நீங்க தாளத்தை விட்டுட்டு சுருதி பேசுறீங்களா?”

ஒரு பக்கம் கம்பிகள் அதிர்ந்தன, மறுபக்கம் பெட்டி சீறியது. வரிமேல் வரி வந்து விழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண்ணீர் வழிந்தது. அத்தனை சந்தோஷம்.

தொகுப்பு ஓகோவென்று போனது. வீட்டில் மறுபடியும் பாத்திரங்கள் உருள்கின்றன. எல்லா ஊர் மேடையிலும் யாராவது எழுந்து, ஏணியைத் தொலைத்தவர் யார் என்று கேட்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் கை நீட்டுகிறார்கள். இப்போதெல்லாம் அவர்கள் ஒத்துப்போவது அந்த ஒரு விஷயத்தில்தான்.