மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரிசல்

கிளியர் அடிப்பவரின் இடது கையில் விரிசல் விழுந்தது ஒரு புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. ரத்தம் வரவில்லை. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் பட்டால் மறைந்தது, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தது. மனைவி தேய்த்துப் பார்த்துவிட்டு, "கீறலா?" என்றாள். "கீறல்னா நகம் மாட்டாது. மாட்டுது பாரு" என்றார். காரணம் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவருடைய பட்டறையில், கறுப்பு கார்பன் துணியை அடுக்கி ஒட்டிச் செய்த சைக்கிள் பாகங்களுக்குப் புதுப் பளபளப்பு கொடுப்பார்கள். பழைய பூச்சைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, கிளியர் என்கிற நிறமில்லாப் பூச்சும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து மூன்று கோட் அடிப்பது அவர் வேலை. ஒரு தூசி ஒட்டாது. அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கார்பனில் உள்ள விரிசல் கோடு ஈரம் பட்டால் மறைந்துவிடும். கிளியர் என்பது காயவே காயாத ஈரம், அவ்வளவுதான். அதனால்தான் அடிப்பதற்கு முன் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கார்பன் 'டிக்' என்னும், விரிசல் விட்டது 'தொப்' என்னும். முந்தைய வாரம் வந்த ஒரு ஃபோர்க், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, 'தொப்' என்றது. அவர் காதால் கேட்டார். முதலாளி சாயங்காலமே வேண்டும் என்றார். அவர் மூன்று கோட் அடித்தார். அவர் செய்ததிலேயே அழகான வேலை அதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

விரிசல் நாளுக்கு நாள் நீண்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே எலும்புக்குப் பதில் துணி நெய்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அந்த ஃபோர்க் யாரிடம் போனது என்று கேட்டால் முதலாளியோ, "சைக்கிளோட வித்தாச்சு. வாங்கினவன் யாருன்னு எனக்கென்ன தெரியும்? வேலையப் பாருப்பா" என்றார். அதன்பிறகு இரண்டு வருடம், கறுப்பு சைக்கிள் எங்கே நின்றாலும் அந்த ஃபோர்க்கைத் தேடி அவர் குனிந்து நாணயத்தால் தட்டினார். சைக்கிள் திருடன் என்று இரண்டு முறை அடி வாங்கினார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை, பூச்சு அவ்வளவு சுத்தம். தன் கைவேலைமேல் அவருக்கு முதன்முதலாக வெறுப்பு வந்தது.

வழி சொன்னது மனைவிதான். கட்டுப் போட்டுப் போட்டு அவளுக்கு அந்த விரிசலின் நேரங்காலம் அத்துபடி. காலையில் ஏழே முக்காலுக்கு வலிக்கும், சாயங்காலம் நாலரைக்கு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும். கோடை விடுமுறை முழுக்க ஒரு நூல்கூட நீளவில்லை. "அது ஸ்கூலுக்குப் போற சைக்கிள்தாங்க" என்றாள். காலை வலி சுருக்கென்று ஏறுவதால், வழியில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டிய இறக்கம் இருக்க வேண்டும். இறக்கத்துக்குக் கீழே ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான். இருவரும் மறுநாளே போனபோது விரிசல் கையைச் சுற்றி வந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு நெல் அகலம்தான் பாக்கி இருந்தது.

அங்கே நின்ற கறுப்பு சைக்கிள், கணக்கு டீச்சருடையது. நாணயம் 'தொப்' என்றது.

"இதுல விரிசல் இருக்கு டீச்சர். நான்தான் மூடினேன்."

டீச்சர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க, காட்டுங்க பாப்போம்."

கிளியர் அடிப்பவர் தன் கையைக் காட்டினார்.

"அதுக்கு டாக்டர்கிட்ட போங்க. ரெண்டு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு, மணியடித்ததும் டீச்சர் உள்ளே போய்விட்டார்.

அவர் சைக்கிளைச் சாய்த்துப் படுக்கவைத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கை போயிடும்ங்க."

"கை எப்படியும் போகுது. அவங்க போக வேணாம்."

அவள் பிடியை விட்டாள். கொஞ்சம் அழுதாள், பிறகு சைக்கிள் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் ஃபோர்க்கின்மேல் ஏறி மிதித்தார். மூன்றாவது மிதியில் அது ஒடிந்தது. அதே நொடியில் கை கழன்று மனைவியின் மடியில் விழுந்தது. முறிந்த இடம் உலர்ந்து, அடுக்கடுக்காகக் கறுப்பாக இருந்தது. அவள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு டீச்சர் ஓடிவந்தார். ஒடிந்த இடத்தில் எது பழைய விரிசல், எது புதிய முறிவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல சைக்கிளை ஒரு பைத்தியக்காரன் உடைத்துவிட்டான் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. பட்டறையில் இருந்தும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

டீச்சர் புது ஃபோர்க் போட்டுக்கொண்டார். சைக்கிளை உடைத்தவரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. தினமும் காலையில் அவர் வீட்டுத் தெரு வழியாகத்தான் டீச்சர் பள்ளிக்குப் போகிறார். வாசலில் அவரைக் கண்டால், "படுபாவி" என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் மழையால் டீச்சர் வர நேரமாகிவிட்டது. சாப்பாடு ஆறுகிறது என்று மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் வாசலை விட்டு நகரவில்லை. திட்டு வாங்கிய பிறகுதான் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.