பொங்கல்படி

மாரிச்செல்விக்குக் கடவுள் எதில் குறை வைத்தாலும் வாயில் வைக்கவில்லை. இலஞ்சியில் அவள் பேச ஆரம்பித்தால் குற்றாலத்துக்குப் போகிற பஸ் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும் என்று ஹைருன் பீவி சொல்லுவாள். அந்த வாய்தான் தோட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதே வாய்தான் தோட்டத்தைத் தொலைத்தது என்று மாரிச்செல்வியே பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தாள், யாரும் கேட்காமலே.

தோட்டம் என்றால் பெரிய எஸ்டேட் ஒன்றும் இல்லை. வாய்க்காலை ஒட்டி ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வல்லிநாயகம் அண்ணாச்சியுடைய இடம். முள்ளும் புதருமாகக் கிடந்ததைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏழு பெண்கள் போய்க் கேட்டார்கள். மாரிச்செல்வி முன்னால் நின்று பேசினாள், ஹைருன் பீவி பக்கத்தில் நின்றாள், மற்ற ஐந்து பேரும் பின்னால் நின்று தலையாட்டினார்கள். அண்ணாச்சி யோசித்துவிட்டுச் சரி என்றார். காகிதம், கையெழுத்து என்று எதுவும் இல்லை. வருஷா வருஷம் தை பிறக்கும்போது ஒரு மூட்டை அரிசி, ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறையச் சிறுகிழங்கு, ஒரு வாழைத்தார் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

"இத பாட்டம்னு சொல்லாதீக," என்றார் அண்ணாச்சி. "கேக்க நல்லாருக்காது. எங்க வீட்டுக்காரிக்குப் பொறந்த வீட்டுல ஆளில்ல. அவளுக்குப் பொங்கப்படின்னு கொண்டாங்க."

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் தாய்வீட்டுச் சீராகப் போவதுதான் பொங்கல்படி. நிலத்துக்குக் கொடுக்கிற பாட்டத்துக்கு அந்தப் பேரை வைக்க வல்லிநாயகம் அண்ணாச்சிக்கு எப்படித் தோன்றியதோ. ஏழு பேருக்கும் அது பிடித்துப்போயிற்று. குடியானவள் மாதிரிப் போய் வாசலில் நிற்பது வேறு, சீர் கொண்டுபோகிறவள் மாதிரி நடுவீட்டுக்குள் போவது வேறு இல்லையா. போகிற அன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போவார்கள். ஹைருன் பீவி வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பாள். அண்ணாச்சியின் மனைவி பார்வதியம்மாள் ஆளுக்கொரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த அம்மாளுக்கு அது பாட்டம் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு வருஷம் மழை பெருத்துக் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. பாதிப் பெட்டிதான் தேறியது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே அண்ணாச்சி ஆள் அனுப்பினார். "படி குறையுதே" என்று ஒரே வார்த்தை. சுரண்டைச் சந்தைக்கு ஓடிப்போய்க் கிழங்கு வாங்கி மீதிப் பெட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். குறைந்தால் ஆள்விட்டுக் கேட்பது என்ன சீர் என்று அன்றைக்கு அவர்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தோட்டம் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சாரல் விழுகிற நாளில் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்துக்கு அருவியில் குளித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாது. காலையில் தென்காசிக் கோயில், பிறகு அருவி, மத்தியானம் தோட்டத்தில் வாழையிலைச் சாப்பாடு என்று ஒரு லாட்ஜுக்காரர் வேன் விட்டார். வேனிலிருந்து இறங்குகிறவர்களை மாரிச்செல்வி தன் வாய்க்குள் போட்டுக்கொள்வாள். இது கத்தரி, இது வெண்டை, இந்தப் பாத்தி ஹைருன் அக்காவுது, அவுக திட்டுனாத்தான் மொளகா காரமா வரும் என்று சொல்லச் சொல்ல, வந்தவர்கள் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குவார்கள். ஆடி ஆவணியில் வருகிறவர்கள் ஆளுக்கொரு சிறுகிழங்குக் கொடியை நட்டுத் தங்கள் பேரை ஒரு சின்னப் பலகையில் எழுதிச் செருகிவிட்டுப் போகலாம். பொங்கலுக்கு வந்து தோண்டிக்கொள்ளலாம். சொன்னபடி வந்து தோண்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

அப்படி ஒரு ஆடியில்தான் அது நடந்தது. வல்லிநாயகம் அண்ணாச்சியும் வந்து வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாற்பது பேர் இருந்தார்கள். சென்னைக்காரப் பெண் ஒருத்தி போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அக்கா, இந்த நிலத்துக்கு நீங்க குத்தகை எவ்வளவு தர்றீங்க?"

மாரிச்செல்வி அண்ணாச்சியைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷனை வைத்துக்கொண்டு, அரிசியும் கிழங்கும் வாங்கிக்கொண்டுதான் விட்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? நாக்கு வருமா?

"பாட்டமா? அதெல்லாம் எங்க அண்ணாச்சி வாயில வராது," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவுக சும்மா குடுத்த எடம். ஒரு மணி நெல்லு கேட்டதில்ல. நாங்களாப் பிரியப்பட்டு அவுக வீட்டம்மாவுக்குப் பொங்கப்படி கொண்டு போவோம், அம்புட்டுதான்."

கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த வீடியோவை லட்சம் பேர் பார்த்ததாக லாட்ஜுக்காரர் சொன்னார். அதன் பிறகு வேன்கள் கூடின.

அடுத்த மாசியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். பெங்களூரிலிருந்து வந்த மகன் சண்முகநாதன் வைகாசியில் தோட்டத்துக்கு வந்தான். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல முடியாது. எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். அந்த இடத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க அறைகள் கட்டப்போவதாகச் சொன்னான். "இவ்வளவு பேரு இங்க வாறாங்கன்னு உங்க வீடியோவப் பாத்துத்தான்க்கா எனக்கே தெரியும்," என்றான். நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

ஏழு பேருக்கும் சோறு இறங்கவில்லை. அந்தத் தோட்டத்தை விட்டால் நாலு பேருக்கு வேறு போக்கு கிடையாது. ஹைருன் பீவியின் அக்கா மகன் மன்சூர் தென்காசியில் வக்கீல். அவன்தான் ஒரு வழி சொன்னான். பாட்டம் கொடுத்துப் பயிர் வைக்கிறவர்கள் என்று தாலுகா ஆபீசில் பதிவு செய்துவிட்டால் யாரும் சுலபமாக வெளியேற்ற முடியாது. கையெழுத்துப்போட்ட காகிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வருஷம் தவறாமல் விளைச்சலில் பங்கு கொடுத்தது நிரூபணமானால் போதும். "குடுத்தீங்கள்லா?" என்று கேட்டான்.

"பதினோரு வருசமாக் குடுத்திருக்கோம்," என்றாள் மாரிச்செல்வி. அன்றைக்குத்தான் அவளுக்கு உயிர் வந்தது.

ஆவணியில் விசாரணை. தாசில்தார் ஒரு அம்மா, பொறுமையாகக் கேட்டார். மாரிச்செல்வி அரிசி, கிழங்கு, வாழைத்தார் எல்லாவற்றையும் சொன்னாள். மழை பெருத்த வருஷம் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கியதையும் சொன்னாள். சண்முகநாதன் மறுக்கவில்லை. கொண்டு வந்தார்கள், உண்மைதான், ஆனால் பாட்டமாக இல்லை என்று சொல்லிவிட்டு அவனுடைய வக்கீல் போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பாட்டமா? அதெல்லாம் எங்க அண்ணாச்சி வாயில வராது." அந்த அறையில் அவள் குரல்தான் எவ்வளவு கணீரென்று கேட்டது. ஒரு மணி நெல்லு கேட்டதில்ல. கைதட்டல்கூடத் தெளிவாகக் கேட்டது.

"இது உங்க குரல்தானே?" என்று கேட்டார் தாசில்தார்.

"ஆமாம்மா. அது பெரியவுகள வச்சுக்கிட்டு மரியாதைக்குச் சொன்னதும்மா."

"மரியாதைக்குச் சொன்னதுன்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மன்சூர் பார்வதியம்மாளைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லியிருந்தான். பொய் சொல்லத் தெரியாத அம்மாள். வருஷா வருஷம் இவ்வளவு வந்தது என்று அவள் வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தான். அவளும் வந்தாள். தாசில்தார் கேட்டதற்கு ஒன்றுவிடாமல் சொன்னாள், அரிசி ஒரு மூட்டை, கிழங்கு ஒரு பெட்டி, தார் ஒன்று என்று. பிறகு, "இத நிலத்துக்குப் பாட்டமாக் குடுத்தாங்களா?" என்று கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"பாட்டமா? ஏம்மா அப்படிக் கேக்குதீக? எனக்குப் பொறந்த வீட்டுல யாருமில்ல. இவளுகதான் எனக்குப் பொங்கப்படி கொண்டு வருவாளுக. கூடப்பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா." அங்கேயே மாரிச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்சூர் தன் காகிதங்களை அடுக்கிக் கட்டிவிட்டான்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் மாரிச்செல்வி இலஞ்சி வரைக்கும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. இறங்கியதும் சொன்னாள், "யக்கா, என் நாக்க அறுத்துப் போடணும்."

"ஏட்டி, நீ மட்டுமா சொன்ன?" என்றாள் ஹைருன் பீவி. "நானும் பக்கத்துல நின்னு பல்லக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த வீடியோவுல பாத்தியா, எல்லாருக்கும் முந்திக் கைதட்டுறது யாருன்னு?"

மாரிச்செல்விக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்த வாரமும் ஒரு வேன் வந்தது. முன்னமே சொல்லி வைத்தவர்கள், தட்ட முடியவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், தாய், தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள். மாரிச்செல்வி கத்தரியைக் காட்டினாள், வெண்டையைக் காட்டினாள், மிளகாய்க்கதை சொல்லவில்லை. பெரிய பெண் ஒரு கொடியை நட்டு "மஞ்சு" என்று பலகையில் எழுதிச் செருகிவிட்டு, எப்ப தோண்டலாம் ஆன்ட்டி என்று கேட்டாள்.

"பொங்கலுக்கு வாங்க," என்றாள் மாரிச்செல்வி. உண்மையைச் சொல்ல அந்த இடத்திலும் அவளால் முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு அது.

புரட்டாசிக் கடைசியில் மண் அள்ளுகிற இயந்திரம் வந்தது. அதற்கு முந்தின நாள் சண்முகநாதன் வந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கத்தரியும் மிளகாயும் பறித்தார்கள். சிறுகிழங்குப் பாத்தியில் ஹைருன் பீவி ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளை வேர்தான் வந்தது, நுனியில் நிலக்கடலை அளவுக்குக்கூட எதுவும் இல்லை. கிழங்கு இறங்க இன்னும் மூன்று மாதம் வேண்டும். பலகைகளை மட்டும் பிடுங்கி ஒரு சாக்கில் கட்டி மாரிச்செல்வி வீட்டுக்குக் கொண்டுபோனாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

மார்கழியில் போன் வர ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து, சென்னையிலிருந்து, கிழங்கு தோண்ட எப்ப வரட்டும் என்று. இந்த வருஷம் விளையவில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள். அப்போது அவள் அச்சன்புதூர்ப் பக்கம் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மற்றவர்களில் இருவர் ஜவுளிக்கடையில் நின்றார்கள். ஹைருன் பீவிக்கு முட்டுவலி, வீட்டோடு இருந்தாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது வந்த போனைக் கிழங்குக்காரர்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள். பார்வதியம்மாள்.

"செல்வி, என்ன இந்த வருசம் ஒருத்தரையும் காணல? படி கொண்டு வரலியா?"

தோட்டம் போனது அந்த அம்மாளுக்குத் தெரியுமா, யாராவது சொன்னார்களா, சொன்னதும் மறந்துவிட்டதா, மாரிச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கொண்டாறேம்மா" என்றுதான் வாய் சொன்னது.

சுரண்டைக்குப் போய்க் கிழங்கு வாங்கினாள். ஓலைப்பெட்டி முக்கால்வாசிதான் நிறைந்தது. அரிசியும் வாழைத்தாரும் வாங்க வழியில்லை, ரேஷன் அரிசியைக் கொண்டுபோய்ச் சீர் வைக்க மனசு வரவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகத்தான் போனாள். கூப்பிட்டதற்கு ஹைருன் பீவி, "போகணுமாட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகிற வழியில், வாங்குகிறவளுக்கும் கொடுக்கிறவளுக்கும் நடுவில் நிலம் நீச்சு என்று எதுவும் இல்லாமல் போகிற படி இதுதான் என்று மாரிச்செல்வி நினைத்துக்கொண்டாள். இந்த ஒரு வருஷமாவது நிஜமான பொங்கல்படி.

பார்வதியம்மாள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள். ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருந்தாள், ஏழு. கிழங்குப் பெட்டியின் துணியை விலக்கிப் பார்த்தாள். கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள்.

"கொஞ்சம் கொறச்சலா இருக்கே செல்வி," என்றாள், கோபமில்லாமல். "பரவால்ல. அடுத்த வருசம் சேத்துக் கொண்டாந்திரு."

"சரிம்மா," என்றாள் மாரிச்செல்வி.