இரண்டு முட்டை எடை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பின்னால் இருப்பவர்களுக்கும் இடம் விடுங்கள். நான்கு பலகைச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஓர் அண்ணன் தங்கையின் கதையைச் சொல்லப்போகிறேன். துப்பாக்கி வரும், பன்றி வரும், சண்டையும் வரும். எழுந்து ஓடுகிற அளவுக்கு ஒன்றும் வராது, நிம்மதியாகக் கேளுங்கள்.

அமெரிக்காவில், தெற்கு டெக்சஸில், ஃப்ரையோ ஆற்றுப் படுகையில், வெர்லீனுக்குக் கொஞ்சம் நிலக்கடலைக் காடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவரை அடக்கம் செய்த பிறகும் விடாமல் விதைத்துக்கொண்டிருந்தாள். காட்டுப்பன்றிகளுக்கு அது நன்றாகத் தெரியும். காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் கூட்டமாக வரும். ஏர் ஓட்டிய மாதிரி கிளறிவிட்டுப் போய்விடும்.

அவளுடைய அண்ணன் ஹோலிஸ் சான் அந்தோனியோ நகரத்தில் இருந்தான். பாதி ஆயுளை ராணுவத்தில் கழித்தவன். "நிலத்தை வித்துட்டு என் வீட்டுக்கு வந்துடு, ஓர் அறை சும்மாத்தான் கிடக்கு" என்பது அவன் பல்லவி. வெர்லீனின் மகன் அதற்குப் பக்கவாத்தியம். ஈஸ்டர் விருந்தில் இருவரும் சேர்ந்து குடைந்தபோது அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வருஷக் கடலையை என் கையால பன்னிங்ககிட்ட இருந்து காப்பாத்தலைன்னா, நீங்க நீட்டுற காகிதத்துல கையெழுத்துப் போடுறேன். போதுமா?" என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பலகைச் சுவருக்குள் மாட்டிக்கொண்டதெல்லாம் பிறகுதான். முதலில் மாட்டிக்கொண்டது அந்த வார்த்தையில்.

கடலை காய் பிடித்திருந்தது. நிலம் வாங்க ஹோலிஸ் பேசிவைத்தவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், அவள் எப்படிக் காப்பாற்றுகிறாள் என்று கண்ணால் பார்க்க ஹோலிஸ் வந்து இறங்கினான்.

காட்டின் ஓரத்தில், சீமைக்கருவேல மரங்களை ஒட்டி, ஓர் ஆள் மேல் ஓர் ஆள் நின்ற உயரத்துக்கு நான்கு கால்கள் நட்டு, மேலே பெட்டி மாதிரி ஒரு பரண். ஒரு பக்கம் கதவும் ஏணியும். மற்ற பக்கங்களில் முழ அகலச் சன்னல்கள். ஹோலிஸுக்கு வலது முழங்கால் மடங்காது. வெர்லீன் கீழே நின்று அவன் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்துத்தான் அவனை ஏற்றினாள். அவனுடைய துப்பாக்கி வண்டியிலேயே கிடந்தது. அதையும் சுமந்துகொண்டு ஏணி ஏற அவனால் முடியவில்லை. ஆனால் தங்கையிடம், "உன் பொம்மை எப்படிச் சுடுதுன்னு பார்க்கத்தானே வந்தேன்" என்று சொல்லிக்கொண்டான்.

பொம்மை என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. குளிர்காலத்தில் வெர்லீனின் தோளில் அறுவை நடந்தது. கணவரின் பழைய துப்பாக்கியைத் தூக்கினால் குழல் காற்றில் ஆடிய கொடி மாதிரி ஆடியது. கடையில் சொல்லிவைத்து இலேசான ஒன்றாக வாங்கினாள். மெல்லிய குழல், சின்னத் தொலைநோக்கி. அதோடு அதன் உடலும் வேறு மாதிரி. விசையும், தோட்டா அடைக்கிற மேகசினும் உட்காருகிற கூட்டை ரிசீவர் என்பார்கள். வழக்கமாக அது அலுமினியத்தில் இருக்கும். இவளுடையது பாலிமர், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக்.

ஹோலிஸ் அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தான். "இது துப்பாக்கியா, சாப்பாட்டு டப்பாவா?"

"சாப்பாட்டு டப்பா அந்த ஐஸ் பெட்டியில இருக்கு. பசிச்சா அதைத் திற."

"இதனால எவ்வளவு எடை குறையுதாம்?"

"அந்தக் கூட்டுல மட்டும்னா ரெண்டு முட்டை எடை."

"ரெண்டு முட்டைக்காகவா பிளாஸ்டிக் வாங்கினே? சந்தையில கூட இதைவிட நல்லாப் பேரம் பேசுவாங்களே!"

"அந்த ரெண்டு முட்டையை நீ கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டை முழுசாக் கேளு. அப்புறம் பேசு. வண்டியில வெயில் பட்டுக் கிடந்த உன் அலுமினியத் துப்பாக்கியைத் தொட்டுட்டுக் கையை உதறினியே, அதையும் நான் பார்த்தேன், பெரியவரே."

ஹோலிஸ் சிரித்துவிட்டான். அவனுக்குத் தங்கை மேல் கொள்ளைப் பிரியம். அதுதான் கஷ்டமே. விரோதியாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம்.

வெயில் சாய்ந்தபோது பன்றிகள் வந்தன. வெர்லீன் காது மூடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, முன்னால் வந்த பெட்டைப் பன்றியைச் சுட்டாள். நின்ற இடத்தில் விழுந்தது. கூட்டம் சிதறியது. அதில் ஒரு கிழட்டு ஆண் பன்றி மட்டும் குறுக்கே ஓடி வந்தது. அவசரப்பட்டு அதையும் சுட்டாள். தோள் சுருக்கென்று இழுத்தது. குண்டு தொடையில் பட்டது. மறுபடி சுடலாம் என்றால் வெடித்த தோட்டாக் கூடு குழலுக்குள்ளேயே இறுகிக்கொண்டது. போன வாரம் சுத்தம் செய்யாமல் சோம்பலாக விட்டது அவள் தப்புதான்.

"வரலையே" என்று முனகிக்கொண்டு பைக்குள் கையை விட்டாள்.

"இங்க கொடு!"

"ஹோலிஸ், வேண்டாம், இரு..."

அவன் எங்கே பொறுத்தான்? துப்பாக்கி அவன் கைக்கு வந்ததும் அந்தக் கைக்குப் பழைய ராணுவப் பழக்கம் திரும்பிவிட்டது. குழலை மேலே நிமிர்த்தி, பின்னிழுக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, தோளில் வைக்கிற பின்கட்டையைத் தரையில் ஓங்கி ஒரு குத்து. சிப்பாய்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இறுகிய தோட்டாக் கூடு தெறித்து வெளியே விழுந்தது. கூடவே சட்டென்று ஒரு சத்தம். பின்கட்டை, கழுத்து முறிந்த கோழி மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கியது.

ரிசீவரின் பின்னால், கட்டையின் குழாய் திருகி நிற்கிற வளையம் ஒன்று உண்டு. அலுமினியத்தில் அந்த வளையம் எத்தனை குத்தையும் தாங்கும். பாலிமரில் தாங்காது. இப்போது அது பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. இனி அதில் சுட முடியாது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தியா?" என்றான் ஹோலிஸ் கடைசியில். குரலில் வெற்றி இல்லை, நடுக்கம்தான் இருந்தது. "நான் சொன்னேன்ல? நீ தனியா இருக்கிறப்ப இது நடந்திருந்தா?"

வெர்லீன் உடைந்த துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவைத்தாள். ஏணியில் கால் வைக்கக் கதவைத் திறந்தாள். கீழே இருந்து கடகடவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். காயம்பட்ட பன்றி பரணின் நிழலில், ஏணிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஒரு படி இறங்கினாள். அது மூன்று காலில் எழுந்து நின்று கோரைப் பல்லை உயர்த்தியது. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டி கூப்பிடு தூரத்தில் நின்றது. அதற்குள் இருந்த துப்பாக்கி அவர்களுக்கு எட்டவில்லை. படுகைப் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது.

பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டைப் பலகைகள் இப்போதுதான் உள்ளே இறக்கத் தொடங்கின. கூரை மூலையில் செங்குளவிக் கூடு. கையை உயர்த்தவும் பயம். இரண்டு நாற்காலி போட்டால் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற இடம் அது. வியர்வை, வெடிமருந்து நாற்றம், கீழே அந்த மூச்சுச் சத்தம். அண்ணனின் முழங்கால் தன் முழங்காலில் இடிக்கும்போதெல்லாம் வெர்லீனுக்குச் சான் அந்தோனியோ அறையின் ஞாபகம் வந்தது. அங்கே ஒரே ஒரு சன்னல்தான். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

"காலையில யாராவது தேடிக்கிட்டு வருவாங்க. அதுவரைக்கும் உட்கார்" என்றான் ஹோலிஸ்.

"யார் வருவா?"

"யாராவது."

"நீ எப்பவும் இப்படித்தான். உட்கார், உட்கார். பன்னிக்கும் உட்கார், திங்கட்கிழமைக்கும் உட்கார்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், சின்னவளே. அந்த டப்பாவை நம்பி ஒருத்தி தனியா வாழ முடியுமா? நீயே சொல்லு. அலுமினியமா இருந்திருந்தா இந்நேரம் கீழ இறங்கியிருப்போம்."

"ஆமா, அலுமினியமா இருந்திருந்தா உடைஞ்சிருக்காது." அவள் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டாள். துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற, குழலைச் சுத்தம் செய்யும் துடைப்புக் கம்பி. "இதைக் குழலோட முன்பக்கமா விட்டு ரெண்டு தட்டு தட்டியிருந்தா தோட்டாக் கூடு விழுந்திருக்கும். வாங்கின அன்னைக்கே கடைக்காரி சொன்னா, அந்தத் துப்பாக்கியைத் தரையில குத்தக் கூடாதுன்னு. இந்தக் கம்பியை எடுக்கத்தான் பைக்குள்ள கையை விட்டேன். நான் தனியா இருந்தா என்ன ஆகும்னு கேட்டியே? நான் தனியா இருந்திருந்தா இது உடைஞ்சே இருக்காது, ஹோலிஸ்."

ஹோலிஸ் கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியே புறா ஒன்று கத்தியது. "கை தானாப் பண்ணிடுச்சு" என்றான்.

"தெரியும்."

வெளிச்சம் மஞ்சளாகி வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கீழே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. வெர்லீன் எழுந்தாள்.

"ஐஸ் பெட்டியைப் பின் சன்னல் வழியாத் தூக்கிப் போடு. அது அந்தப் பக்கம் பாயுறப்ப நான் இறங்கி வண்டிக்கு ஓடுறேன்."

"முடியாது. விடமாட்டேன்."

"உன் முழங்காலை வச்சுக்கிட்டு நீ ஓடுவியா?"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முரட்டுப் பிடி இல்லை. சாலை கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல. அதுதான் அவளை இன்னும் மூச்சு முட்ட வைத்தது. அவள் கையை உதறவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, "விடு, ஹோலிஸ்" என்றாள், மெதுவாக. அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

சன்னலில் பெட்டி திணறித் திணறித்தான் நுழைந்தது. விழுந்த வேகத்தில் வெண்டைக்காய் ஊறுகாய் பாட்டில் உடைந்தது, ஐஸ் சிதறியது. பன்றி உறுமிக்கொண்டு பெட்டி மேல் பாய்ந்தது. வெர்லீன் ஏணியில் பாதி இறங்கி, மீதியைக் குதித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கள்ளிச் செடி காலில் கீறியது அப்புறம்தான் தெரிந்தது. வண்டிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தும்போது பின்னால் மூன்று கால் குளம்போசை.

ஹோலிஸின் துப்பாக்கியைத் தூக்கினாள். பெரிய தொலைநோக்கி, கனத்த குழல், அலுமினிய உடல். தோள் தாங்கவில்லை. குழல் ஆடியது. கதவின் சன்னல் விளிம்பில் அதை இறக்கி வைத்தாள். எடையை வண்டி வாங்கிக்கொண்டது. பன்றி நேராக வந்தது. இந்த முறை அவசரப்படவில்லை.

ஒரே வெடி. அது முகம் குப்புற மண்ணில் சறுக்கி விழுந்தது.

பிறகு இறங்கி, பன்றி அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பரணுக்கு நடந்து வந்தாள். ஹோலிஸ் கதவில் நின்றுகொண்டிருந்தான். ஒரு காலை ஏணிக்கு நீட்டுகிறான், படி எங்கே என்று தெரியாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறான்.

"காலைப் பிடி, வெர்லீன்."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "திங்கட்கிழமைக்கு என்ன முடிவு?"

"நீ சுட்டது என் துப்பாக்கியில..."

"சுட்டது என் கை. பெட்டைப் பன்னி விழுந்தது என் டப்பாவுல. ராத்திரிக் காத்து அங்க சுகமா இருக்கும், நாற்காலியும் இருக்கு. உட்கார், ஹோலிஸ், உட்கார்."

ஹோலிஸ் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டான். பிறகு அவன் கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அந்த அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன், தெரியுமா? உனக்குப் பிடிச்ச மஞ்சள். வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது, வெர்லீன்."

அந்தக் குறுகிய கதவுச் சட்டத்துக்குள் அவன் நின்ற நிலையைப் பார்த்தபோது, அவன் இன்றைக்கு மாலை மட்டும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவன் இல்லை, ரொம்ப நாளாகவே தனிமையில் மாட்டிக்கிடப்பவன் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு மனசு இளகியது. ஆனாலும் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு இளகவில்லை.

"நான் வரமாட்டேன்" என்றாள். "நீ வா. சனிக்கிழமை சனிக்கிழமை வா. உன் இரும்புப் பாரத்தையும் எடுத்துக்கிட்டு வா, வண்டிக் கதவுல வச்சுச் சுட அது நல்லாத்தான் இருக்கு. நடந்து போறப்ப என் தோளுக்கு என்னோடதுதான். இன்னொண்ணு சொல்லிவச்சு வாங்கப் போறேன்."

"மறுபடியும் பிளாஸ்டிக்கா?"

"மறுபடியும் பிளாஸ்டிக்தான். அதை நீ மட்டும் தொடக் கூடாது."

"அது இரும்பு இல்லை, அலுமினியம்" என்றான் அவன். தோற்றவன் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு நுனி வேண்டுமில்லையா? "சரி. நானே அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிடுறேன். காலைப் பிடி இப்ப."

அவள் அவன் பாதத்தைப் பிடித்து முதல் படியில் வைத்தாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பிரியமாக இருக்கட்டும். அந்தப் பிரியம் யார் கதவுக்கும் வெளியே பூட்டாக விழாமல் இருக்கட்டும். உங்கள் கொல்லையில் விளைந்ததை உங்கள் கையாலேயே அள்ளி, வீடு நிறையச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்குங்கள்.