இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள்

திருவனந்தபுரத்தில் துரைமார் கிளப் ஒன்றில் நேசமணி பதினாறு வருஷமாக கோல்ஃப் மட்டைப் பை சுமந்துவந்தான். ஒருமுறைகூட மட்டையை வீசியதில்லை. ஆனாலும் வீசுகிறவனின் காலையும் இடுப்பையும் பார்த்தே பந்து எங்கே விழும் என்று சொல்லிவிடுவான். அரைகுறையாகக் கற்ற துரைமார் அடித்தால் பந்து வலப்பக்கம்தான் வளையும். அதனால் களை பறிக்கும் பெண்களை எப்போதும் இடப்பக்கம் உட்காரவைப்பான். அன்று மதியமும் ஆறு பேரை அப்படித்தான் உட்காரவைத்தான். அவர்களில் அவன் மனைவி ராஜபாயும் ஒருத்தி.

யுத்தகாலம். லீவில் வந்திருந்த அமெரிக்க விமானப்படைக்காரன் ஒருவன் செக்ரட்டரி துரையோடு ஆட வந்தான். ஊரில் பேஸ்பால் ஆடியவனாம், தோள் இரண்டும் வண்டிமாட்டுத் தோள். முதல் அடியில் மட்டை பந்தின் தலையைத் தட்ட, அது பத்தடி உருண்டு நின்றது. செக்ரட்டரி பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அவருக்கு யாராவது தப்பாக அடித்தால் போதும், வாய் சும்மா இருக்காது.

"உங்கள் ஆட்டத்தில் பந்து நெஞ்சுக்கு நேரே பறந்து வரும், மட்டையைக் கிடையாக வீசுவீர்கள். இங்கே பந்து தரையில் கிடக்கிறது. இடுப்பிலிருந்து குனியுங்கள். தலை அசையக்கூடாது. பாரத்தை வலக்காலில் ஏற்றி, நிதானமாக இடக்காலுக்கு மாற்றுங்கள். மணிக்கட்டு முந்தக்கூடாது."

அந்த இங்கிலீஷ் நேசமணிக்கு மனப்பாடம். அமெரிக்கன் வெறுங்காற்றில் வீசிப் பார்த்தபோது நேசமணி அவன் இடுப்பையே கவனித்தான். தலை அசையவில்லை, சரி. ஆனால் இடுப்பு முந்தித் திரும்பியது, மணிக்கட்டுகள் புரண்டன. இரண்டாவது வீச்சிலும் அதேதான். பாடம் காதில் ஏறியிருந்தது, உடம்பு பேஸ்பாலைத்தான் ஆடிக்கொண்டிருந்தது. இந்த அடி இடப்பக்கம் போகும், அதுவும் அந்தத் தோள்பலத்தோடு.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் பெண்கள் தலைதூக்கவில்லை. துரை பந்தருகே நின்றுவிட்டால் பை சுமப்பவன் வாய் திறக்கக்கூடாது. இருமியதற்காக, கூடப் பை சுமந்த குற்றாலலிங்கத்தின் வேலை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சார், அங்ஙன பெண்ணுங்க..."

செக்ரட்டரி திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். நேசமணி வாயை மூடிக்கொண்டான். பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்ல?

மட்டை மேலே போய் இறங்கத் தொடங்கியபோதுதான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ராஜபாயீ! எழும்புட்டி!"

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வழக்கம்போல "ஏ பிள்ளையளே" என்று கத்தியிருந்தால் ஆறு பேரும் எழுந்து ஓடியிருப்பார்கள். பெயரைக் கேட்டு அவள் ஒருத்திதான் திடுக்கிட்டு எழுந்து நகர்ந்தாள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் என்று மற்றவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். தாழப் பறந்து வந்த பந்து, அவளுக்கு அடுத்திருந்த லீலாபாயின் காதோரத்தில் அடித்தது.

நேசமணி ஓடிச் சேர்ந்தபோது லீலாபாய் ராஜபாயின் மடியில் கிடந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

"பந்து இஞ்ஞோட்டு வரும்னு நிங்களுக்குத் தெரியுமா?" என்று ராஜபாய் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"பின்னெ என்னெ மட்டும் என்னத்துக்கு விளிச்சியோ?"

அவன் அவள் தோளைத் தொடப் போனான். லீலாபாயின் கையை விடாமலே, மறுகையால் அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.