மாடிப்படித் திருப்பத்தில் அறுநூற்று ஐம்பத்து நான்கு

ஒட்டுக் கேட்பது என் பழக்கமில்லை. ஆனால் மூன்றாம் மாடித் தையல்காரியின் இரும்பு பீரோ இரண்டாம் மாடித் திருப்பத்தில், என் வாசலை முக்கால்வாசி மறித்துக்கொண்டு நின்றால் காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்று அவர்கள் வீடு மாறும் நாள். புது வீட்டுக்காரர் ஒரு மணி வரைதான் சாவியோடு காத்திருப்பார். அப்புறம் வெளியூர் போய்விட்டால் திரும்பப் பத்து நாளாகும். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மற்ற சாமானெல்லாம் வண்டியில் ஏறியாயிற்று. பீரோ ஒன்றுதான் பாக்கி.

மேல்முனையைப் பிடித்திருந்தவர் அவள் புருஷன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கீழ்முனையில் அவள் தம்பி, மருந்துக்கடையில் வேலை. இருவருக்கும் கிரிக்கெட் பைத்தியம். ஆடுகிற பைத்தியமில்லை, கணக்கு ஒப்பிக்கிற பைத்தியம்.

"மெதுவா மாமா! மொத்த பாரமும் என் மேலதான்."

"இதுக்கே மூச்சு வாங்கினா எப்படி மச்சான்? டெஸ்ட்ல நாலாவது இன்னிங்ஸ்ல நானூத்திப் பதினெட்டு அடிச்சு ஜெயிச்சாங்களே வெஸ்ட் இண்டீஸ், அவங்க முனகினாங்களா? அதுக்கு மேல எவனும் துரத்தினதில்ல."

தம்பி பீரோவை டொம்மென்று கீழே வைத்தான்.

"யார் சொன்னது? முப்பத்தொம்பதாம் வருஷம் இங்கிலாந்து அறுநூத்தி அம்பத்திநாலு வரைக்கும் துரத்தினாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"துரத்தினாங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

"பஸ் பின்னாடி ஓடினவனெல்லாம் பஸ்ல போனவன் ஆயிடுவானா?"

"வாபஸ் வாங்குங்க மாமா. இல்லாட்டி ஒரு படி இறங்க மாட்டேன்."

"நீ ஒத்துக்கற வரைக்கும் நானும் தூக்க மாட்டேன்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. கதவிடுக்கு வழியாக, "நாலாவது இன்னிங்ஸ்னா என்னப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது. முதல் முறையாக இருவரும் ஒற்றுமையானார்கள். ஒவ்வொரு அணியும் இரண்டு தடவை ஆடும், கடைசியாக ஆடுகிறவர்கள் இலக்கைத் துரத்த வேண்டும் என்று மாறி மாறி விளக்கினார்கள். முழுசாகப் பதினைந்து நிமிஷம்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. தையல்காரி இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். கத்துவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவளோ தம்பியிடம் நிதானமாகக் கேட்டாள்.

"அந்த அறுநூத்தி அம்பத்திநாலு ஏன்டா ஜெயிக்கல?"

"இன்னும் நாப்பத்திரண்டு ரன்தான்கா! பத்து நாளா இழுத்த ஆட்டம். ஊருக்குப் போற கப்பலுக்கு நேரமாச்சுன்னு அப்படியே விட்டுட்டுக் கிளம்பிட்டாங்க."

"விவரமானவங்க" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள். வண்டி கிளம்புகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா போயிட்டாளா?"

"போயிட்டா."

தம்பி, "அப்போ அது டிரா மாமா" என்றான். டிராவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று படியில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அவளுக்குப் போன் போட்டேன், விசாரிக்கத்தான். சாவி ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கைக்கு வந்துவிட்டதாம். "அவங்க எங்க இருக்காங்க?" என்று அவள் கேட்கவே இல்லை.

மாலையில் மூன்றாம் மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்தது. அவர்களும் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்னால் வந்தவர் மூச்சிரைக்க நின்று, "என்னங்க பிரச்சினை?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

"அதை இறக்கி வச்சிட்டு இப்படி உக்காருங்க சார், சொல்றேன்."