இதை மட்டும் சொல்லாத

எய்லி மேடையேறி ஆட்களைச் சிரிக்கவைக்கத் தொடங்கி இருபது வருடமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் புருஷன் அலஸ்டேரையும் தெரியும். அவன் குறட்டை, கஞ்சத்தனம், மாமியார் வீட்டில் நாற்காலியோடு கவிழ்ந்தது எல்லாம் அவளுக்குப் பிழைப்பு. கிளாஸ்கோவில் அவன் வேதியியல் வாத்தியார். பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையில் யாராவது அவள் மேடையில் செய்வதுபோலவே குறட்டை விட்டுக் காட்டுவார்கள்.

அபர்டீனில் ஒரு மத்தியானக் காட்சி. இடைவேளையில் அலஸ்டேர் போனில் கூப்பிட்டான்.

"எய்லி, நான் அக்கா வீட்டுக்குக் கிளம்புறேன்."

"எப்ப வருவ?"

"வரமாட்டேன்."

அவள் கையில் பாதி கடித்த சாண்ட்விச். "நாம சண்டைகூடப் போடலையே."

"போட்டா அதுவும் மேடைக்குப் போயிடும்." பிறகு சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதை மட்டும் சொல்லாத. இதாவது எனக்குன்னு இருக்கட்டும்."

"சரி."

மணியடித்தது. அவள் மேடைக்குப் போய் மிச்சக் கதைகளைச் சொன்னாள். குறட்டைக் கதைக்கு முன்வரிசைக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அழுகை வரும் என்று பார்த்தாள்; வரவில்லை.

திரும்பும் வழியில் காரை ஓட்டிய மேலாளர் பிரெண்டாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அடப்பாவமே! சொல்றேன்னு தப்பா நினைக்காத, போனவனை வீட்ல இருக்கிற மாதிரி எத்தனை நாள் சொல்லுவ? அவன் விட்டுட்டுப் போன கதையையே சொல்லு. வேற சரக்கு வெச்சிருக்கியா?"

எய்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரயில், மழை, தன் முழங்கால் வலி என்று சில வாரம் ஒப்பேற்றிப் பார்த்தாள். ஆட்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். டண்டீயில் அதுவும் இல்லை. யாரோ இருமினார்கள். அப்போது அவள் வாய் தானாகவே திறந்தது.

"என் புருஷன் ஓடிட்டான்! சண்டை போட்டா உங்ககிட்ட வந்து சொல்லிடுவேன்னு, சண்டையே போடாம ஓடிட்டான்!"

கூடமே குலுங்கியது. நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். 'இதை மட்டும் சொல்லாத' என்று அவன் கெஞ்சியதற்குத்தான் பெரிய சிரிப்பு.

அலஸ்டேர் கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்து அவன் அக்காதான் பேசினாள்.

"வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டான். எந்த ஊருன்னு உங்கிட்ட சொல்லக்கூடாதாம்."

"சரி."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

எய்லி போனை வைத்துவிட்டு, பெர்த் நகரக் காட்சிக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போடத் தொடங்கினாள்.