மூன்று மணி நேரத்தில் ஒன்பது ரைடு

டெப்போவில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் அதிகாரியை எல்லோரும் 'நிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே 'சார்', தலை மறைந்ததும் நிமிஷம். பத்தொன்பது வருஷமாக அவர் அட்டவணை போடுகிறார். பத்தொன்பது வருஷமாக எந்தப் பேருந்தும் அதன்படி ஓடியதில்லை. நிறுத்தங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை அழகாக ஒட்டி வைத்திருந்தார்கள். காத்திருக்கும் ஜனங்கள் பொழுது போகாமல் அதைப் படிப்பார்கள், படித்துவிட்டுச் சிரிப்பார்கள், பிறகு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஓட்டுநர்கள் கேட்கவில்லை. நடத்துநர்களும் கேட்கவில்லை. ஆகவே தன் திறமை முழுவதையும் நிமிஷம் வீட்டில் காட்டினார். வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர்: ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, பதின்மூன்று வயது மகள், மாடி அறையில் தங்கிக்கொண்டு அடுத்த தெருவில் சலூன் நடத்தும் மைத்துனர். யார் எத்தனை நிமிஷம் குளிக்கலாம் என்று குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மைத்துனருக்கு ஏழு. "தாடி வளர்த்துட்டேன் அத்தான், இனிமே ஆறே போதும்" என்று அவர் ஒருநாள் கிண்டலாகச் சொன்னார். மறுநாள் தாளில் ஆறு என்று திருத்தியிருந்தது.

அந்த வருஷம் பரிசோதனைக் கூடத்தில் ஊழியர்களுக்குக் குடும்பப் பாஸ் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்குக்கு நான்கு பேர் வருஷம் முழுக்கப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள், எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

முதல் தடவை போனபோது நிமிஷத்துக்கு எதுவும் தோன்றவில்லை. நால்வரும் சும்மா சுற்றினார்கள். பெரிய ராட்டினத்தில் ஏறினார்கள், பேய் வீட்டுக்குள் போய்க் கத்தினார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே குளத்தில் வாத்துப் பார்த்தார்கள். மகள் திரும்பி வரும்போது வண்டியில் பாட்டுப் பாடினாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத சாயங்காலம்.

கெடுத்தது டெப்போ ஸ்டோர்கீப்பர்தான்.

"எத்தனை ரைடு போனீங்க சார்?"

"ரெண்டு."

"மூணு மணி நேரத்துல ரெண்டா? எங்க சகலை அஞ்சு போனாராமே."

அன்று மதியம் நிமிஷத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த சகலை ஒரு வாடகைப் பாத்திரக்கடைக்காரர். காலத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

மறுவாரம் நிமிஷம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் பாஸை எடுத்துக்கொண்டு தனியாகப் பார்க்குக்குப் போனார். ஒரு ரைடிலும் ஏறவில்லை. கையில் ஸ்டாப்வாட்ச்சும் நோட்டுமாக ஒவ்வொரு வரிசையின் வாலிலும் நின்று நேரம் பார்த்தார். இரண்டு சாயங்கால ஆராய்ச்சியில் அவர் கண்டுபிடித்தவை உண்மையிலேயே மோசமில்லை. கேட்டைத் தாண்டியதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் வலது பக்கம் திரும்புகிறார்கள், தின்பண்டக் கடை அங்கேதான் இருக்கிறது. ஆகவே இடது பக்கம் திரும்ப வேண்டும். ஆறு இருபதுக்குப் பொம்மை வேஷக்காரர்கள் ஊர்வலம் வருவார்கள், கூட்டம் அங்கே ஓடும். அந்த நேரத்தில் ரோலர் கோஸ்டரைப் பிடித்துவிடலாம். தனியாக வருகிறவர்களுக்கென்று ஒரு குட்டி வரிசை உண்டு. காலியாகும் ஒற்றை இருக்கையில் அவர்களைச் சொருகிவிடுவார்கள், அதில் நின்றால் காத்திருப்பு நாலே நிமிஷம். கடைசியாக ஒன்று. எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது வரிசையில் சேர்ந்துவிட்டால், துரத்த மாட்டார்கள், ஏற்றிவிட்டுத்தான் மூடுவார்கள்.

இதெல்லாம் சேர்ந்து ஒரு அட்டவணையாகிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறியது. சாப்பாடு: வீட்டில், 4.15. தண்ணீர்: நாலரைக்கு மேல் கிடையாது. கழிப்பறை: 6.41 முதல் 6.45 வரை.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, எனக்கு அந்த நேரத்துக்கு வரலைன்னா?"

"பழகிக்கணும்."

"அப்பா, பஸ்லயே போலாம்ப்பா, ஜாலியா இருக்கும்" என்றாள் மகள்.

"பஸ்ஸ நம்பினா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது" என்றார் நிமிஷம், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

மைத்துனரின் பழைய வேனில்தான் போனார்கள். அன்று ஏழு ரைடு. அடுத்த வாரம் எட்டு.

ஏழும் எட்டும் எப்படி வந்தன என்றால், குடும்பத்தைப் பிரித்துத்தான் வந்தன. நால்வரும் தனியாள் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக, தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள். கதவு திறந்ததும் நாலு பெட்டிகளில் நாலு அந்நியர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மனைவிக்குப் படகு ரைடில் பக்கத்தில் வாய்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படகு மேலே ஏறியபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டவர், இறங்கி நின்று மன்னிப்புக் கேட்ட பிறகும் விடவில்லை. மகள் ஒரு புதுமணத் தம்பதிக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். அவர்கள் இவளைப் பார்த்த பார்வையை அவள் வீடு வரை நினைத்துக்கொண்டு வந்தாள். முதல் ஆளாக இறங்கி, வாசலில் நிமிஷம் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார். "சீக்கிரம், சீக்கிரம், பத்து செகண்ட் லேட்டு!"

அதிகம் பாடுபட்டது மைத்துனர்தான். "காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே முடி வெட்டறேன் அத்தான். சாயங்காலம் நின்னுக்கிட்டே சந்தோஷப்படணுமா?"

"உக்காரத்தானே மாப்ள ரைடு இருக்கு?"

"அது ரெண்டு நிமிஷம் அத்தான். அதுலயும் தலைகீழா."

நாலாவது வாரம் ஒன்பது வந்தது. ஒன்பதாவதில் இறங்கிய மகள் பூச்செடி ஓரமாகக் குனிந்து 4.15 சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிஷம் நோட்டில் '9' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மறுநாள் டெப்போவில் அவர் நடையே வேறாக இருந்தது. தானாகச் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஸ்டோர்கீப்பர் என்ன என்று கேட்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"ஒம்பதா! சார், அந்த அட்டவணைய எனக்கு ஒரு காப்பி குடுங்க சார்."

நிமிஷம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் போட்ட அட்டவணையை ஒருவர் வாய்விட்டுக் கேட்பது இதுதான் முதல் முறை. தரமாட்டேன் என்று அரை நாள் பிகு செய்தார். சாயங்காலத்துக்குள் ஆபீஸ் பிரிண்டரில் அறுபது பிரதி எடுத்தாயிற்று. ஓட்டுநர்கள் வந்து வாங்கிப் போனார்கள். நடத்துநர்கள் வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்து கேட்டார்கள். மேனேஜருக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். "இதுல நம்ம டிபார்ட்மென்ட் பேரப் போடலாமே" என்றார் மேனேஜர். போட்டார்கள். டெப்போ குடும்பங்களுக்கெல்லாம் வரும் வியாழக்கிழமை சாயங்காலம் பார்க்கில் சலுகை நுழைவு ஏற்பாடாகியிருந்தது. அன்று வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. ஆக, எல்லோருக்கும் ஒரே நாள்.

மனைவிதான் கேட்டாள். "எல்லாரும் இடது பக்கம் திரும்பினா என்னங்க ஆகும்?"

நிமிஷம் சிரித்தார். "நம்ம ஆளுங்க என்னிக்கு அட்டவணைப்படி போயிருக்காங்க? நீ ஒண்ணு."

வியாழக்கிழமை போனார்கள். டெப்போவின் சரித்திரத்தில் முதல் தடவையாக, ஓட்டுநரிலிருந்து மேனேஜர் வரை அத்தனை பேரும் நிமிஷத்தின் அட்டவணையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த நாள் அது. நாலே காலுக்குச் சாப்பிட்டுவிட்டு, வாய் வறண்டு, கையில் தாளோடு ஐந்து மணிக்குக் கேட்டருகே நின்றார்கள். கேட் திறந்தது. முந்நூறு பேர் ஒரே மூச்சில் இடது பக்கம் திரும்பினார்கள்.

இடது பக்கம் ஒரு ஆள் அகல நடைபாதை. பத்தடிக்குள்ளேயே அது அடைத்துக்கொண்டது. தனியாள் வரிசையில் எண்பது பேர் தனித்தனியாக நின்றார்கள். ஒரு மெக்கானிக்கின் கைக்குழந்தை 'அம்மா' என்று அழுதது. அந்த அம்மாவோ ரைடுக்காரர் பார்க்கிறார் என்று, குழந்தையைத் தெரியாதவள் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற வரிசை காலியாகக் கிடந்தது. அதில் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தாளில் அப்படிப் போடவில்லை.

ஆறு இருபதுக்கு ஊர்வலம் வந்தது. கரடி வேஷம் போட்டவரும் முயல் வேஷம் போட்டவரும் ஆடிக்கொண்டே வந்து, யாருமில்லாத சதுக்கத்தைப் பார்த்து நின்றார்கள். கரடி கையை ஆட்டிப் பார்த்தது. ஒரு துப்புரவுப் பணியாளர் மட்டும் பதிலுக்குக் கையை ஆட்டினார். டெப்போ முழுவதும் ரோலர் கோஸ்டர் வரிசையில் இருந்தது.

அந்த வரிசையின் நடுவில் நிமிஷம் மாட்டிக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்ற ஓட்டுநர் திரும்பினார்.

"சார், இதுல 6.24க்கு ஏறணும்னு போட்டிருக்கீங்க. மணி இப்ப 6.58."

"தெரியுது."

"ஏன் சார் ஏறல?"

"கூட்டம் இருக்கில்ல? வழியடைச்சுட்டு நிக்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

ஓட்டுநர் ஒரு நொடி அவரையே பார்த்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "டேய், இங்க வாங்கடா! சார் சொன்னதக் கேளுங்க! கூட்டமாம், வழியடைப்பாம், அவரு என்ன பண்ணுவாராம்! இதத்தானே சார் நாங்க பத்து வருஷமா உங்க ரூமுக்கு வந்து சொல்றோம்? ஒவ்வொரு தடவையும் மெமோ குடுத்தீங்களே!"

சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. பின்னால் முப்பது பேர் தள்ளி, ஒரு பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நிமிஷம் திரும்பி மனைவியைத் தேடினார். பின்னால் நின்றிருக்க வேண்டியவள் இல்லை. மகளும் இல்லை. மைத்துனர் தூரத்தில் ஒரு பெஞ்சில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

மனைவி மிகச் சாதாரணமாகத்தான் வரிசையை விட்டு விலகியிருந்தாள். கழிப்பறைக்கு 6.41க்குப் போனாள், அங்கே அறுபது பெண்கள் 6.41க்கு வந்து நின்றார்கள். "வலது பக்கமும் ஒண்ணு இருக்கும்மா" என்றாள் மகள். இருந்தது. அதற்குப் பக்கத்தில் சங்கிலி ஊஞ்சல் ரைடு ஒன்றும் இருந்தது. இயக்குகிற பெண் ஆளில்லாமல் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் அடுத்தடுத்த ஊஞ்சலில் ஏற்றினாள். சுற்றி முடிந்ததும், "இறங்கறீங்களா, இன்னொரு சுத்தா? எனக்கும் வேலை இல்ல" என்றாள்.

எட்டு மணிக்குக் கேட்டருகில் நால்வரும் சேர்ந்தார்கள். நிமிஷத்தின் கணக்கில் அன்று ஒன்று. அதுவும் பாதியில் நின்றுபோய், ஊழியர்கள் தள்ளிவிட்டு இறக்கிய ரைடு.

"நாங்க ஆறு தடவை போனோம்ப்பா! அம்மா கைய விட்டுட்டே சுத்தினாங்க!"

"ஆறு ரைடா?" நிமிஷத்தின் முகம் மலர்ந்தது. "எது எது?"

"ஒரே ஊஞ்சல்தான்ப்பா. ஆறு தடவை."

"ஒரே ரைடு எத்தனை தடவை போனாலும் ஒண்ணுதாம்மா கணக்கு" என்றார் நிமிஷம்.

வேனில் வழக்கமாக அவர் பக்கத்தில் உட்காரும் மனைவி, பின்னால் மகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அழைத்தார். அட்டவணையில் டிபார்ட்மென்ட் பெயரை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார். நிமிஷம் எழுதித் தந்தார். பிறகு மூன்று நாள் உட்கார்ந்து திருத்திய பதிப்பு தயாரித்தார். அதில் எல்லோரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஸ்டோர்கீப்பரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நன்றாக நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மனைவி தலை வாரிக்கொண்டே சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் பார்க்குக்குப் போறோம். என் தம்பிக்குக் கடையில வேலையாம்."

"மணி அஞ்சே முக்கால் ஆச்சே! முக்கால் மணி நேரம் போச்சு. இப்பப் போய் என்ன பண்ணுவீங்க?"

"தெரியலீங்க. அங்க போய்ப் பார்த்துக்கறோம்."

"நானும் வரேன்."

"வேணாம். நீங்க வந்தா நேரம் ஆகும்."

எட்டரைக்குத் திரும்பினார்கள். இருவருக்கும் முகம் சிவந்து, தலை கலைந்து கிடந்தது. நிமிஷம் வாசலிலேயே நின்றார்.

"எத்தனை?"

"எண்ணல" என்றாள் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

எண்ணவில்லை என்றால் நம்புகிற ஆளா அவர்? மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவளும் தெரியவில்லை என்றாள். அப்போதுதான் நிமிஷத்துக்கு விஷயம் பிடிபட்டது. ஒன்பதைத் தாண்டியிருக்கிறார்கள். அதனால்தான் மறைக்கிறார்கள். எங்கிருந்தோ இவளுக்கு ஒரு நல்ல அட்டவணை கிடைத்திருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் எவனோ போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து அவள் கைப்பையைத் திறந்தார். சீப்பு, அடையாள அட்டை, பாதி தின்ற சோளப்பொரிப் பொட்டலம். அடியில் ஒரு போட்டோ, ரைடில் சுற்றும்போது அங்கேயே எடுத்துக் கொடுப்பது. அதில் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் நிமிஷம் பார்த்ததில்லை.

போட்டோவைத் திருப்பினார். பின்பக்கம் நேரம் ஏதாவது குறித்திருக்கிறதா என்று விளக்கருகில் பிடித்துப் பார்த்தார்.